செஞ்சிச் சிங்கத்துக்கு இரண்டு கை

மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கை நடுங்கக் கூடாது. நடுங்கினால் செம்புக் கம்பி பிசகும், பிசகினால் மோட்டார் புகையும், புகைந்தால் சொந்தக்காரர் பஸ் ஏறி வந்து கடை வாசலில் நின்று கத்துவார். இதெல்லாம் சேசுராஜுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அன்றைக்குச் சாயங்காலம் அவனுடைய இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.

காரணம், மேஜை டிராயருக்குள் ஒளித்து வைத்திருந்த பழைய போன். வழக்கம்போலக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து கேமைத் திறந்தான். கோட்டை வாசல் வரவில்லை. மஞ்சள் கட்டத்துக்குள், கேமில் அவன் வைத்துக்கொண்ட பெயருக்கு ஒரு கடிதம் வந்தது.

"வணக்கம், செஞ்சிச் சிங்கம். உங்கள் கணக்கில் இரண்டு கைகள் விளையாடுவதாகக் காவலன் கண்டறிந்திருக்கிறான். ஒன்று உரிமையாளரின் கை. மற்றது அத்துமீறி நுழைந்த கை. விசாரணை நடக்கிறது. எங்கள் அலுவலர் ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் பதிவு செய்த எண்ணுக்கு அழைத்துப் பேசுவார்."

அத்துமீறல், விசாரணை, அலுவலர் எல்லாவற்றையும் அவன் தைரியமாகவே படித்தான். பதிவு செய்த எண் என்ற இடத்துக்கு வந்ததும்தான் அந்த வரியைத் திரும்பப் படித்தான். அந்த எண் அவனுடையதில்லை. அவன் மனைவி லூசியுடையது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய போன் ரிப்பேருக்குப் போயிருந்த நேரத்தில், லூசியின் போனை வாங்கித்தான் முதன்முதலாக இந்தக் கேமில் சேர்ந்தான். நாலு பேர் ஒரு கட்சியாகச் சேர்ந்து எதிர்க்கட்சியைச் சுட்டுத் தள்ளிவிட்டுக் கோட்டை உச்சிக்கு ஏற வேண்டும். கடை வாசலில் நின்று பார்த்தால் நிஜமான ராஜகிரிக் கோட்டை தெரியும். அதில் ஏறுவதற்குச் சென்னையிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வருகிறார்கள். சேசுராஜ் கடைசியாக ஏறியது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது. போனில் இருக்கும் கோட்டையில் மட்டும் தினம் ஏறுவான். பெரும்பாலும் அடிவாரத்துப் படியிலேயே செத்துப்போவான்.

ஆனாலும் கேமில் அவனுடைய தகுதிப் படி ஏறிக்கொண்டேதான் போனது. நேற்று மூடும்போது இருந்ததைவிட இன்று திறக்கும்போது இரண்டு படி மேலே இருக்கும். பேங்க்கில் போட்ட பணத்துக்கு வட்டி ஏறுவதுபோல, பழைய வாடிக்கையாளர்களுக்குக் கம்பெனிக்காரன் ஏதோ போட்டுக் கொடுக்கிறான் என்று சேசுராஜ் நினைத்துக்கொண்டிருந்தான். அதைப் பற்றி அவன் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டு, நின்றுபோனால் என்ன செய்வது?

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இது என்ன காலம் என்று தெரியாது. இது தவக்காலம்.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்து, புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசினார்கள். லூசிக்கு அப்போது ஆறாவது மாதம். போன தடவை ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோயிற்று. இந்தக் குழந்தையாவது கைக்கு வர வேண்டும் என்று ஆளுக்கொரு ஒறுத்தல் செய்வதாக முடிவானது. ஒறுத்தல் என்றால், அவரவர் உயிராய் நினைக்கும் ஒன்றை ஈஸ்டர் வரைக்கும் ஆண்டவருக்காக விட்டுவிடுவது. லூசி டீயை விட்டாள். டீ இல்லாவிட்டால் அவளுக்குப் பொழுதே விடியாது. சேசுராஜ் கேமை விட்டான். அவள் கண்ணெதிரிலேயே போனைத் தூக்கிப் பிடித்து, அழித்துக் காட்டினான்.

முதல் வாரம் அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். இரண்டாவது வாரம் டிராயரில் பழைய போன் ஒன்று கண்ணில் பட்டது. சார்ஜ் நிற்கிறதா என்று பார்க்கத்தான் எடுத்தான். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தானாக நடந்ததாகவே தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

லூசிக்கு டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்று: டென்ஷன் கூடாது. தையல் மெஷினில் உட்காரக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும். போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு, இவ்வளவு நன்றாக இருக்கிறதே, நாள் பூராவும் படுத்துக்கொண்டு என்னதான் செய்கிறீர்கள் என்று ஆச்சரியப்பட்டாள். லூசி சிரித்துக்கொண்டு, "மனசு நிம்மதியா இருக்குது சிஸ்டர்" என்றாள். அந்த நிம்மதி முழுக்கத் தன்னுடைய ஒறுத்தலை நம்பித்தான் நிற்கிறது என்று பக்கத்தில் நின்ற சேசுராஜ் நினைத்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை போன் வரப்போகிறது. யாரோ ஒரு அலுவலர், உங்கள் வீட்டுக்காரர் தவக்காலம் பூராவும் ஆடியிருக்கிறார் என்று சொல்லப்போகிறார். லூசிக்குத் தலை சுற்றும். பிரஷர் ஏறும். அதற்கு மேல் நினைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. குழந்தைக்காக விட்டதைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டவன், எந்த முகத்தோடு அந்தக் குழந்தையைத் தா என்று கேட்பான்? அவன் ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டுச் சிறிது நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தான்.

பக்கத்துக் கடை பிரசாந்துடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைனில் சர்டிபிகேட். இன்ஜினியரிங்கில் கம்ப்யூட்டர் படித்தவன். சேசுராஜ் மறுநாள் காலையில் அவனிடம் போய், ஒரு நண்பருக்கு ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தான்.

பிரசாந்த் போனை வாங்கிப் பார்த்தான். "உங்க பிரெண்டு பேரு செஞ்சிச் சிங்கமாணா?"

"இன்னா பேரோ. காவலன்னு ஒருத்தன் மெரட்டறான். யாருப்பா அவன்?"

"அவன் ஆள் இல்லணா, மெஷின். திருட்டாட்டம் ஆடறவனப் புடிக்கிறதுக்குன்னே கம்பெனிக்காரன் வளத்து வெச்சிருக்கான்."

வளர்த்து என்ற சொல் சேசுராஜுக்குப் பிடிக்கவில்லை. எப்படி வளர்ப்பார்கள் என்று கேட்டான்.

"அதுக்கு யாரும் சட்டம் எழுதிக் குடுக்கலணா. லட்சக்கணக்கான ஆட்டத்தக் காட்டி, இது யோக்கியமான கை, இது திருட்டுக் கைன்னு சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்காங்க. இப்ப அதுவே பாத்துக் கண்டுபுடிக்குது. வெரல எங்க வெச்சி எங்க எடுக்கறீங்க, சுடறதுக்கு முன்னாடி எவ்ளோ யோசிக்கறீங்க, பயந்தா எந்தப் பக்கம் ஓடறீங்க, எல்லாம் அதுக்கு அத்துப்படி."

சேசுராஜுக்கு இது நன்றாகவே புரிந்தது. அதுதான் வம்பு. மோட்டாரை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டாலே பேரிங் போனதா, காயில் போனதா என்று அவன் சொல்லிவிடுவான். அவனுக்கு அதை யாரும் பாடமாக எழுதித் தரவில்லை. ஆயிரம் மோட்டாரைக் கேட்டுக் கேட்டு வந்தது. அப்படி வந்த காதை யாராலும் ஏமாற்ற முடியாது. காவலனும் அந்த ஜாதி.

பிரசாந்த் ஏதோ ஒரு மூலையைத் தட்டி, பழைய ஆட்டங்களின் பட்டியலைத் திறந்தான். அப்படி ஒன்று இருப்பதே சேசுராஜுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஜெயிச்சது அத்தினியும் மத்தியானம். தோத்தது அத்தினியும் சாயங்காலம். உங்க பிரெண்டு எப்பணா ஆடுவாரு?"

சேசுராஜ் ராஜகிரியைப் பார்த்தான். "சாயங்காலம்தான்னு நெனைக்கிறேன்" என்றான். பிரசாந்த் நல்ல பையன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

வட்டி இல்லை. இரண்டு வருஷமாக யாரோ மத்தியானத்தில் அவன் வீட்டுக்குள் புகுந்து, அவன் துப்பாக்கியை எடுத்து, அவன் பெயரில் ஜெயித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திருடன் வந்தால் பொருள் குறையும். இங்கே கூடிக்கொண்டே போயிருக்கிறது. அதுதான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக்கூடப் பிரிக்காமல் அவன் போனைத் திறந்து பார்த்தான். கணக்கு வேறிடத்தில் ஆட்டத்தில் இருக்கிறது, பார்க்க மட்டும் அனுமதி உண்டு என்று வந்தது. பார்த்தான். சிவப்புத் தலைப்பாகை கட்டிய அவனுடைய சிங்கம், அவன் தொடாமலேயே கோட்டைச் சுவரோரமாக நடந்துபோனது. அவசரப்படவில்லை. ஒரு மூலையில் நின்றது, காத்திருந்தது, ஒரே ஒரு தடவை சுட்டது. அங்கே ஒருவன் விழுந்தான். மறுபடியும் நடந்தது. சேசுராஜ் இதுவரை பார்த்தே இராத படிகளில் ஏறி, அவன் பார்த்தே இராத உச்சியில் போய் நின்று, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டது.

பிரசாந்தாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. மெல்லப் போய் எட்டிப் பார்த்தான். பிரசாந்த் லேமினேஷன் மெஷின்மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வாயோரம் எச்சில் ஒழுகியது. போன் சார்ஜில் தொங்கியது. சேசுராஜ் திரும்பிவந்து பார்த்தபோது சிங்கம் அடுத்த ஆட்டத்துக்குப் போயிருந்தது.

முதல் வேலையாகப் புகார் எழுதினான். 'ஐயா, மத்தியானம் ஆடுவது திருட்டுக் கை. சாயங்காலம் ஆடுவதே உண்மையான கை. தோற்றாலும் யோக்கியமாகத் தோற்கிறது. திருடனை உடனே பிடித்து, யாருக்கும் போன் செய்யாமல் முடித்துக்கொடுக்கவும்.' கடைசி வரியில்தான் அவன் மனசு பூராவும் இருந்தது.

பதில் உடனே வந்தது. "நன்றி. இரண்டு கைகளையும் இனி மேலும் கூர்ந்து கவனிப்போம். ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் மாற்றமில்லை."

கூர்ந்து கவனி என்று தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தாயிற்று. சேசுராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

சரி, பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் திருடன் உள்ளே வர முடியாதே என்று தோன்றியது. நல்ல யோசனைதான். மாற்றுவதற்கு ஓடிபி வேண்டும். ஓடிபி லூசியின் போனுக்குப் போகும். கடையிலிருந்தே அவளைக் கூப்பிட்டு, கேஸ் புக் செய்கிறேன், உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், படித்துச் சொல் என்றான்.

மறுமுனையில் லூசி நிதானமாக ஆறு எண்களையும் படித்துச் சொன்னாள். அதில் என்ன எழுதியிருக்கிறது, எந்தக் கம்பெனி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வேற எதுனா வேணுமாங்க?" என்று மட்டும் கேட்டாள். இப்படிப்பட்ட வெள்ளை மனசை ஏமாற்றுகிறோமே என்று சேசுராஜுக்குக் கண் கலங்கியது.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டு அன்றைக்கு இரவு கொஞ்சம் தூங்கினான். மறுநாள் சாயங்காலம் திறந்தால், பாஸ்வேர்டு தவறு என்று வந்தது. திருடன் அதையும் மாற்றியிருந்தான்.

பிரசாந்த் இதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான். மாற்ற வேண்டுமானால் ஓடிபி வேண்டும், ஓடிபி ஒரே ஒரு போனுக்குத்தான் போகும், அப்படியென்றால் அந்த போன் யாருடைய பிடியிலோ இருக்கிறது என்று விளக்கினான். யாரோ ஒரு வைரஸை உள்ளே அனுப்பி, எல்லாவற்றையும் எங்கிருந்தோ படித்துக்கொண்டிருக்கலாம் என்றான். அந்த போன் நண்பருடைய மனைவியுடையது என்று கேட்டதும், அவரை எச்சரிக்கச் சொன்னான். பழைய பாஸ்வேர்டையே போட்டுப் பார்க்கச் சொன்னதும் அவன்தான். போட்டதும் திறந்துகொண்டது. திருடன் பழையபடியே மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், இதென்ன மரியாதைத் திருடன் என்று பிரசாந்துக்கே விளங்கவில்லை.

சேசுராஜ் ஓட்டமாக வீட்டுக்குப் போனான். லூசி கட்டிலில் இடது பக்கமாகப் படுத்திருந்தாள். போன் தலையணைக்கு அடியில் இருந்தது. போனில் ஏதோ கோளாறு என்று சொல்கிறார்கள், கொடு, கடைக்குக் கொண்டுபோய்ப் பார்த்துத் தருகிறேன் என்றான்.

"என் போன் நல்லாத்தான் இருக்குது."

"இல்ல லூசி, உள்ள எதுனா பூந்திருக்கும். வெளிய தெரியாது."

"பூந்திருந்தா இருக்கட்டும். அம்மா போன் பண்ணுவாங்க, நான் எடுக்கலன்னா பயந்துடுவாங்க. விடுங்க." தலையணையை இறுக்கிக்கொண்டு படுத்தாள். முகத்தில் ஒரு சிவப்பு ஏறியது. பிரஷர்தான் ஏறுகிறது என்று சேசுராஜ் பதறிப்போய், போன் மகராஜனாக இருக்கட்டும், நீ அமைதியாகப் படு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

இந்தக் கலவரத்தில் பனமலை விவசாயி கன்னியப்பனுடைய மோட்டாருக்குக் கட்டிய காயில் பிசகிவிட்டது. மாட்டிய அன்றைக்கே புகைந்தது. கன்னியப்பன் அதைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து, கடை வாசலில் இறக்கினார். கத்தவில்லை. சேசுராஜின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே கத்தத் தோன்றவில்லை. ஊட்டுல எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க என்று விசாரித்துவிட்டு, பயிர் காய்கிறது, சீக்கிரம் பாரு என்று சொல்லிப் போனார். அந்தக் கேள்வி சேசுராஜை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டது.

மிச்சமிருந்த வழி ஒன்றுதான். தன் கைதான் உரிமையாளரின் கை என்று காவலனையே ஒத்துக்கொள்ளவைப்பது. நல்ல கை எது என்றுதானே அது பார்க்கிறது? நன்றாக ஆடிக் காட்டிவிட்டால், இதுதான் முதலாளி என்று முடிவுகட்டிவிடும். அப்புறம் எதற்குப் போன்?

ஆடினான். பயத்தில் விரல் வேர்த்து வழுக்கியது. சுட நினைத்த இடத்தில் குனிந்தான், குனிய நினைத்த இடத்தில் குண்டை எறிந்தான். ஒரு தடவை சொந்தக் கட்சிக்காரனையே சுட்டுவிட்டான். அவன் எங்கோ வடநாட்டுக்காரன். சேசுராஜ் காதில் மாட்டியிருந்த இயர்போனில் புரியாத பாஷையில் திட்டினான். பாஷைதான் புரியவில்லை.

அப்போதுதான் சாத்தான் வந்தான். ஒரு வீடியோவாக வந்தான். இந்த உதவி ஆப்பைப் போட்டுக்கொண்டால் நீங்கள் குறி பார்க்க வேண்டியதில்லை, குண்டே குறி பார்க்கும் என்றான். பிரசாந்திடம் கேட்டால் வேண்டாம் என்பான். அதனால் கேட்கவில்லை. போட்டான்.

சேசுராஜ் தன் வாழ்நாளில் முதன்முதலாக ஜெயித்தான். சுவருக்குப் பின்னால் இருந்தவன் விழுந்தான். மலைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் விழுந்தான். இவன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுகூட ஒருவன் விழுந்தான். உச்சிக்கு ஏறி நின்றதும், பயத்தையெல்லாம் மீறி ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் திரை சிவந்தது.

"எச்சரிக்கை. அத்துமீறிய கை வெளியுதவியுடன் ஆடியிருக்கிறது. சந்தேகம் உறுதியாகிறது. உரிமையாளருக்கு எல்லா விவரங்களும் ஞாயிற்றுக்கிழமை தெரிவிக்கப்படும்."

வெறும் சந்தேகத்தில் இருந்தவன், தானே வலியப்போய் நிஜத் திருடனாகிவிட்டான். எல்லா விவரங்களும் என்ற சொல்லை அவன் திரும்பத் திரும்பப் படித்தான். கணக்கையே அடியோடு அழித்துவிடலாம் என்று பார்த்தால், அதற்கும் ஓடிபி கேட்டது. லூசியைக் கூப்பிட்டு, அதே கேஸ்தான், இன்னொரு நம்பர் வரும் என்றான்.

"ஒரு சிலிண்டருக்கு எத்தினி ஓடிபிங்க கேப்பான்?" என்றாள் லூசி.

சேசுராஜ் போனை வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் மண்டியிட்டான். சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஆடியது, ஒளித்தது, கேஸ் என்று பொய் சொன்னது, குண்டே குறி பார்த்தது வரை.

"ஆண்டவர் மன்னிச்சிடுவாருப்பா" என்றது வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல். "அத நான் பாத்துக்கறேன். ஆனா ஊட்ல சொல்லணும். மெஷின் சொல்லி அவங்க கேக்கறதுக்கு முன்னாடி, நீ சொல்லி அவங்க கேக்கணும்."

சேசுராஜ் அவளுக்கு டென்ஷன் கூடாது சாமி என்றான். சாமியார், உன் மூஞ்சியைத் தினம் பார்க்கிறாளே, அதைவிடவா டென்ஷன் என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சொல்லவில்லை. சனிக்கிழமை சொல்ல வாயைத் திறந்தபோது, குழந்தை உதைக்கிறது பாருங்கள் என்று லூசி அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். அந்தச் சின்ன உதை அவன் உள்ளங்கையில் பட்டது. அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? அவன் கையை எடுக்கவும் மனசில்லாமல், வைத்திருக்கவும் யோக்கியதை இல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

ஞாயிறு வந்தது. குருத்தோலை ஞாயிறு. ஊரே ஓலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடிப் போயிற்று. லூசியை ஆட்டோவில் கோயிலுக்குக் கூட்டிப்போய், மெதுவாக நடத்திக் கூட்டிவந்தான். பூசை முழுக்க அவன் பீடத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய கைப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போன் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் லூசி கட்டிலில் சாய்ந்துகொண்டு, குருத்தோலையைக் கிழித்துச் சின்னச் சிலுவைகளாக மடிக்க ஆரம்பித்தாள். போனைப் பக்கத்தில் வைத்திருந்தாள். சேசுராஜ் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அந்தப் போனைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அது அடித்தது. சென்னை நம்பர்.

லூசி எட்டி எடுக்கப்போனாள். சேசுராஜ் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத எடுக்காத லூசி. நான் சொல்றத மொதல்ல கேளு."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், ஓலைத் துண்டுகளைப் பார்த்துச் சொன்னான்.

"ஒறுத்தல நான் மீறிட்டேன். ரெண்டாவது வாரமே மீறிட்டேன். கடையில பழைய போன் வெச்சி தெனம் ஆடறேன். கேஸு கீஸு எல்லாம் பொய். உன் பிரஷர் ஏறிடுமோன்னு பயந்து சொல்லல. புள்ளைக்கு எதுனா ஆயிடுமோன்னு பயமா இருக்குது. உனக்கு எதுனா ஆயிடுமோன்னு அதவிட பயமா இருக்குது. இன்னா வேணா திட்டு. ஆனா டென்ஷன் மட்டும் ஆவாத."

சொல்லி முடித்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் அழுதான். லூசி திட்டவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கவில்லை, தலை சுற்றவில்லை. பாதியில் நின்ற சிலுவையை மடித்து முடித்து, அவன் சட்டைப் பையில் செருகினாள். பிறகு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அழாதீங்க. மொதல்ல போன எடுப்போம். பாவம், அந்தப் பொண்ணு எவ்ளோ நேரந்தான் காத்துனு இருக்கும்."

எந்தப் பொண்ணு என்று கேட்க அவனுக்கு அப்போது அறிவில்லை. லூசியின் விரலெல்லாம் ஓலைச் சாறு. புறங்கையால் போனைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம், கேம் பாதுகாப்புப் பிரிவிலிருந்து பூங்குழலி பேசறேன். செஞ்சிச் சிங்கம்தானே?"

சேசுராஜ் எழுந்து நின்றான். போலீஸ்காரர் முன்னால் நிற்பதுபோல இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டான். "ஆமாங்க. நான்தாங்க. எல்லாத்தயும் ஒத்துக்கறேங்க."

"சார், ஒரு நிமிஷம் இருங்க. மேடம் பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கறேம்மா, சொல்லு" என்றாள் லூசி.

"மேடம், மத்தியானம் ஆடி ஜெயிக்கிற கை உங்களோடதுதான்னு காவலன் உறுதி பண்ணிட்டான், சாயங்காலம் வர்ற உங்க வீட்டுக்காரர, நீங்க புகார்ல கேட்ட மாதிரியே ஈஸ்டர் வரைக்கும் மட்டும் உள்ள விடாம நிறுத்தி வெச்சிடறோம், அதுக்கப்புறம் அவர் தாராளமா வந்து தோக்கலாம்."